மணிக்கட்டு உயரம்

ஒரு கம்பு உறுதியா இல்லையா என்று என்னிடம் கேட்க வேண்டும். கண்டவனிடம் கேட்டால் கண்டபடிதான் சொல்வான்.

பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவுக்குப் பின்னால், சலவை அறைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் ஓர் அறை இருக்கிறது. இருபத்தாறு வருடமாக அது என் அறை. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், நாலு கால் நடைச்சட்டம், எது ஆடினாலும் என்னிடம்தான் வரும். பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் நான் 'கம்பு சார்'. என் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது. நான் அளந்து கொடுத்த கம்பை நம்பி மாடிப்படி இறங்கியவர்கள் எத்தனையோ பேர். ஒருத்தர்கூட விழுந்ததில்லை. இதை நான் சொல்ல ஆரம்பித்தால் என் மனைவி, "ஆரம்பிச்சாச்சு" என்று எழுந்து போய்விடுவாள். போகட்டும்.

ஆனால் இப்போது சொல்லப்போவது அவள் பெருமை. நடுநடுவே என் பெருமையும் தலைகாட்டும். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் போட்டோ எடுப்பவள். பதினெட்டு வருடம் அவளுடைய அண்ணன் ஸ்டூடியோவில் எடுத்தாள். அழுகிற குழந்தையையும் சிரிக்க வைப்பாள், முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாமனாரையும் மனிதராகக் காட்டுவாள். அந்த ஸ்டூடியோ கண்ணாடியில் மாட்டியிருக்கிற படங்களில் முக்கால்வாசி அவள் எடுத்தவை. ஒன்றின் கீழும் அவள் பெயர் இல்லை. ஸ்டூடியோ பெயர்தான் இருக்கும். போன வருடம் பின்னால் தொங்குகிற திரையை மாற்ற ஏணியில் ஏறியவள் விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். உள்ளே தகடு வைத்து ஆறு திருகாணி போட்டிருக்கிறார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் பெரிய லென்சைத் தூக்கினால் மூன்றாவது நிமிடம் நடுங்க ஆரம்பித்துவிடும்.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், நல்ல மனிதர்தான். வாய்தான் கொஞ்சம் முந்திக்கொள்ளும். "இனிமே உனக்கு எதுக்கும்மா கேமரா? கவுண்டர்ல உக்காந்து படத்தை உறையில போட்டுக் குடு, போதும்" என்றார். மறுநாள் ஸ்டூடியோ சாவியைக் கொண்டுபோய் அண்ணன் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

அவளுக்கு ரொம்ப நாளாக ஓட்டப் பந்தயங்களை எடுக்க வேண்டும் என்று ஆசை. தடகளச் சங்கத்துக்குத் தன் படங்கள் பத்தை அனுப்பிவைத்தாள். ஒரு மாதம் கழித்துச் சங்கச் செயலாளர் போன் செய்தார். அவரும் ஒரு பெண்மணிதான், ஒரு காலத்தில் தடை தாண்டி ஓடியவராம்.

"ஞாயித்துக்கிழமை இறுதிப் போட்டிங்க. முடிவுக் கோட்டுப் பக்கத்துல, கயித்துக்கு உள்ள, உங்களுக்கு ஓர் இடம் தர்றோம். ஒரு நாள் எடுத்துப் பாருங்க. படம் தேறிச்சுன்னா ஆண்டு மலர் அட்டையில உங்க படம், வருஷம் முழுக்க அந்த இடம் உங்களுக்கு. தேறலன்னா தப்பா எடுத்துக்காதீங்க, வேற ஆளைப் பாப்போம்."

"சரிங்க மேடம்."

"இன்னொண்ணு. மூணு கால் ஸ்டாண்டு கயித்துக்கு உள்ள வரக்கூடாது. ஓடி வர்ற பிள்ளைங்க தடுக்கி விழுந்துடும். ஒத்தைக் கால்னா பரவாயில்ல."

ஒற்றைக் கால் என்றால் மோனோபாட். கேமராவுக்கு ஊன்றுகோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கம்பு, தலையில் ஒரு திருகாணி, அதன்மேல் லென்ஸ் உட்காரும். கனத்தைக் கம்பு வாங்கிக்கொள்ளும், கை திருப்பினால் மட்டும் போதும். அவள் கைக்கு அது இல்லாமல் முடியாது.

விஷயம் மச்சான் காதுக்குப் போனது. அன்று மாலையே வந்துவிட்டார். அவரிடம் கார்பனில் செய்த உயர்ந்த ரகக் கம்பு ஒன்று உண்டு. விலையைக் கேட்டால் தலை சுற்றும். "எடுத்துக்கோ. எத்தனை நாள் வேணும்னாலும் வெச்சுக்கோ. படத்துக்குக் கீழ மட்டும் நம்ம ஸ்டூடியோ பேரு இருக்கட்டும்" என்றார்.

"வேண்டாண்ணா" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள், அவ்வளவுதான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மச்சான், கம்பு விஷயத்தை என்கிட்ட விடுங்க. உங்க கம்பு விலையில எட்டுல ஒரு பங்குல, யானை சாஞ்சாலும் அசையாத கம்பு ஒண்ணை நான் வாங்கித் தர்றேன்" என்று மார்தட்டிவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு வியாழக்கிழமைதான் விளங்கியது.

வியாழக்கிழமை மாலை அவள் கைப்பயிற்சிக்குப் போகும் நாள். அவள் இல்லாத நேரத்தில் வாங்கி வந்து அசத்த வேண்டும் என்று திட்டம். அதற்காகக் காலையிலேயே, அவள் அடுப்பருகில் நின்று பாலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பூனை மாதிரி பின்னால் போய் டேப்பை நீட்டினேன். தரையிலிருந்து தொங்குகிற கையின் மணிக்கட்டு ரேகை வரை அளந்தேன்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ பாலைப் பாரு."

"காலையில எதுக்கு டேப்பு?"

"பாலைப் பாருன்னேன்ல."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டேன். எண்பத்திரண்டு சென்டிமீட்டர். மனதில் குறித்துக்கொண்டேன்.

கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிப்போய் இருந்தது. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார். மோனோபாட் என்றதும் பளபளவென்று ஒன்றை எடுத்துவைத்தார். ஐந்து அடுக்கு, அடியில் விரிகிற மாதிரி மூன்று குட்டிக் கால்கள்.

"இதுதான் சார் ரொம்பப் போகுது. மடக்கினா பைக்குள்ள போயிடும்."

நான் முழுக்க நீட்டினேன். அதன் தலையில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தேன். ஆஸ்பத்திரியில் எந்தக் கம்பையும் நான் முதலில் என்மேல்தான் சோதிப்பேன், அதுதான் என் வழக்கம். எண்பத்தைந்து கிலோவையும் அதன்மேல் இறக்கினேன். நாலாவது அடுக்கு சர்ரென்று உள்ளே போனது. முகவாய் மேசைக் கண்ணாடியில் இடிக்காமல் தப்பித்தது என் அதிர்ஷ்டம்.

"சார்! சார்! அது கேமரா வைக்கிறதுக்கு சார், நீங்க ஏறுறதுக்கு இல்ல!"

"என் பொண்டாட்டி மூணு மணி நேரம் சாய்வா. அப்ப இது நிக்குமா?"

"அட்டையிலயே போட்டிருக்கே சார், பத்து கிலோ தாங்கும்னு."

"அட்டை தாங்குமா, கம்பு தாங்குமா?"

கடையில் இருந்த இன்னொருவர் களுக்கென்று சிரித்தார். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அய்யா, கம்புல எத்தனை அடுக்கு கூடுதோ அத்தனை பலவீனம். எல்லா பாரமும் கடைசியில இருக்கிற ஒல்லிக் குழாய் மேலதான் இறங்கும். மேல எவ்வளவு தடியா இருந்து என்ன பிரயோஜனம்? அடியில விரல் தடிமன்கூட இல்லையே" என்றேன். கடைக்காரர் இரண்டாவதை எடுத்தார். அது நாலு அடுக்கு, முறுக்கிப் பூட்டுகிற ரகம். சாய்ந்தேன், தாங்கியது. சாய்ந்தபடியே இடமும் வலமும் திருப்பினேன். பத்தாவது திருப்பில் ஒரு பூட்டு நெகிழ்ந்து கம்பு குட்டையானது. ஓடுகிறவர்களைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியவளுக்கு இது எதற்கு?

அப்போதுதான் அதைப் பார்த்தேன். கடையின் பின்கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கறுப்புக் கம்பை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள்.

"அது என்ன?"

"அதுவா? பழைய சரக்கு சார். பெட்டி தொலைஞ்சுபோச்சு."

எடுத்துப் பார்த்தேன். மூன்றே அடுக்கு. தடித்த அலுமினியம். நெம்பி மூடுகிற பூட்டு, பூட்டுக்கு ஒரு திருகு, தளர்ந்தால் நாமே இறுக்கிக்கொள்ளலாம். கடைசிக் குழாய்கூட என் கட்டைவிரல் தடிமனுக்கு மேல் இருந்தது. சாய்ந்தேன். குதிகாலைத் தூக்கினேன். கிட்டத்தட்டத் தொங்கினேன். மயிரிழைகூட அசையவில்லை. எனக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"இதைக் குடுங்க."

"சார், உக்காந்து எடுக்கிறவங்களுக்கா? இது குட்டை ரகம், அதான் கேக்குறேன்."

"உக்காந்து எடுத்தா என்ன, படுத்து எடுத்தா என்ன? நீட்டினா எவ்வளவு வரும்?"

"நூத்திப் பத்து சென்டிமீட்டர்."

"என் பொண்டாட்டிக்கு எண்பத்திரண்டே போதும்."

"எண்பத்திரண்டா?" என்று கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

"இருபத்தாறு வருஷமா இதே வேலையா இருக்கேன். எனக்குச் சொல்லித் தராதீங்க."

கண்ணாடியை மறுபடி நெற்றியில் ஏற்றிக்கொண்டு ரசீது எழுத ஆரம்பித்தார். விற்றதைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று மட்டும் சொன்னார். திருப்பித் தருவதற்கா வாங்குகிறேன் என்று நானும் சொல்லிவிட்டு வந்தேன். விலை, நான் மச்சானிடம் சொன்னதைவிடவும் குறைவு. கதவுக்கு முட்டாக நின்ற கம்புக்கு அவர் என்ன பெரிதாகக் கேட்டுவிட முடியும்?

அவள் வந்ததும் கம்பை நீட்டினேன். பூட்டுகளைத் திறந்து மூடிப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "நல்ல கட்டுமானங்க. எங்க புடிச்சீங்க?" என்றாள். நான் கடையில் நடந்ததை நடித்தே காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே லென்சை மாட்டி, மூன்று அடுக்கையும் முழுக்க நீட்டி, கூடத்தின் நடுவில் நிறுத்தி நிமிர்ந்தாள்.

கேமரா அவள் நெஞ்சுக்கு நேராக நின்றது.

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். "இன்னும் ஒரு அடுக்கு இருக்கா?" என்றாள்.

"இல்லையே."

"எதை வெச்சுங்க அளந்தீங்க?"

"மணிக்கட்டு வரைக்கும்..." என்று சொல்லும்போதே எனக்குப் பொறி தட்டிவிட்டது. சொன்னதை விழுங்கவா முடியும்?

"ஏங்க, நான் இதை ஊனிக்கிட்டு நடக்கவா போறேன்? எனக்குக் கண்ணு எங்கங்க இருக்கு, மணிக்கட்டுலயா?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தாறு வருட அனுபவம் ஒரு நிமிடத்தில் சந்தி சிரித்துவிட்டது. கடைக்காரர் ஏன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார் என்று இப்போது புரிந்தது. சிரித்து முடித்தவள் லென்சைக் கழற்றித் துணியில் சுற்றினாள். "இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு" என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் நான் ஒரு வேலை செய்தேன். வேலை முடிந்ததும் நேராக மச்சான் ஸ்டூடியோவுக்குப் போய், "அந்தக் கார்பன் கம்பைக் குடுங்க" என்று கேட்டுவிட்டேன்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே மாப்ள" என்று எடுத்துக் கொடுத்தார். "பேரு விஷயத்தை அவகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க."

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கண் என் முகத்துக்கு வரவில்லை, கையில் இருந்த கம்புக்குத்தான் போனது.

"கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

"இங்க பாரு, அந்த இடம் கை நழுவிப் போச்சுன்னா திரும்ப வராது. பேரு என்ன பெரிய பேரு? நல்ல படம் எடுத்தோம்னு நமக்குத் தெரிஞ்சா போதாதா? என்னையே எடுத்துக்கோ, என் பேரு யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது" என்றாள். "பதினெட்டு வருஷமாப் போதும் போதும்னுதான் இருந்தேன். அண்ணன் கவுண்டர்ல உக்காருன்னு சொன்னப்ப, இத்தனை படம் எடுத்தேனேன்னு காட்ட எங்கிட்ட ஒரு காகிதம் இல்லைங்க. என் பேரு போட்ட ஒரு காகிதம் இல்ல."

நான் கம்பைக் கதவோரம் சாய்த்துவைத்தேன். அவளை அப்படி நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளுக்கு இது இவ்வளவு வலிக்கிறது என்று கவனிக்காமல் இருந்துவிட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"குளியலறை ஸ்டூலை எடுத்துக்கிட்டு வெளியில வாங்க" என்றாள். "நீங்க வாங்கின கம்பையும்."

பகலெல்லாம் அவள் சும்மா இருக்கவில்லை. குனிந்து பார்த்திருக்கிறாள், இடுப்பு பிடித்திருக்கிறது. மண்டியிட்டுப் பார்த்திருக்கிறாள், முட்டி தேய்ந்திருக்கிறது. கடைசியாகத் துணி துவைக்கும்போது உட்காருகிற குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். கேமரா சரியாகக் கண்ணுக்கு வந்திருக்கிறது. இப்போது ஓடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

நல்ல வெளிச்சம் இருக்கிற நேரம். தெருமுனையிலிருந்து வீட்டு வாசல் வரை ஓடினேன். ஐம்பத்து நாலு வயது, செருப்புக் கால், முன்னால் போகிற வயிறு. எதிர்வீட்டு டீச்சர் ஜன்னலைத் திறந்து, "கம்பு சார், யாரு துரத்துறாங்க?" என்றார். "யாரும் துரத்தல டீச்சர், பந்தயத்துக்குப் போறேன்" என்றேன். ஆறு தடவை ஓடவிட்டாள். ஏழாவதுக்கு நான் படியில் சாய்ந்துவிட்டேன்.

அவள் கேமராவின் திரையைக் காட்டினாள். தாழ்வாக இருந்து எடுத்த படம். இரண்டு காலும் தரையில் இல்லை, பின்னால் வானம், நடுவில் நான் ஏதோ கோட்டையைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி பாய்ந்துகொண்டிருக்கிறேன்.

"உங்களையே இப்படிக் காட்டுதுன்னா, ஓடத் தெரிஞ்ச பிள்ளைங்களை எப்படிக் காட்டும்!" என்றாள்.

"ஏன், எனக்கு என்ன குறைச்சல்?"

"அதை விடுங்க. இதைப் பாருங்க." மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். வலது முழங்கை முட்டியில் பதிந்தது. லென்ஸ் கம்பில் நின்றது. மூன்று நிமிடம் ஆனது. ஐந்து ஆனது. பத்தும் ஆனது. கேமராவிலிருந்து கையை எடுத்து என் முன்னால் நீட்டினாள். விரல்கள் நடுங்கவில்லை. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

சனிக்கிழமை காலை கார்பன் கம்பைத் திருப்பிக் கொடுத்தேன். "அந்த முட்டுக்கட்டையை வெச்சுக்கிட்டா எடுக்கப் போறா?" என்றார் மச்சான். "நாளைக்கு வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னேன். பிறகு வீட்டில் என் கருவிப் பெட்டியைத் திறந்து, அக்குள் கட்டைக்கு மாட்டுகிற அகலமான ரப்பர் பாதம் ஒன்றை எடுத்து, வெந்நீரில் போட்டு இளக்கி, கம்பின் அடியில் ஏற்றினேன். கம்போடு வந்த பாதம் வழவழப்பாக, சுண்டைக்காய் அளவில்தான் இருந்தது. இது ஈரத்தரையிலும் பிடித்து நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு காவலாளி நின்றார். அவளிடம் சீட்டு இருந்தது. என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

"ஸ்டூல் கொண்டுவந்தேன்."

"வெச்சுட்டு வெளியில நில்லுங்க."

உள்ளே ஐந்தாறு ஆண்கள், ஆளுயரக் கம்புகள். அவள் அவர்கள் நடுவில் குளியலறை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஒருவர், "அக்கா, துணி துவைக்கவா வந்தீங்க?" என்று கேட்க மற்றவர்கள் சிரித்தார்கள். நான் கயிற்றைப் பிடித்துப் பல்லைக் கடித்தேன். அவள் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டாள். "ஆமா அக்கா, முன்னாலயே உக்காருங்க, எங்களுக்கு மறைக்காது" என்று அவர்களே வழிவிட்டார்கள். அப்படித்தான் முடிவுக் கோட்டுக்கு எல்லாரையும்விடக் கிட்டத்தில் இருக்கிற இடம் அவளுக்குக் கிடைத்தது.

மூன்று மணி நேரம். நான் ஒரு பந்தயத்தையும் பார்க்கவில்லை. அவள் முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முட்டியை விட்டு எழவில்லை.

கடைசியில் பெண்கள் நானூறு மீட்டர். வளைவைத் தாண்டியதும் இரண்டு பேர் மட்டும் தனியாக வந்தார்கள். ஒருத்தி நெட்டை, இன்னொருத்தி அவள் தோளுக்குத்தான் வருவாள். கோட்டுக்கு நாலு அடி இருக்கும்போது இருவரும் ஒரே மூச்சில் நெஞ்சை முன்னால் எறிந்தார்கள். குட்டைப் பெண் நிலைதடுமாறி, விழப்போகிற வேகத்தில் நேராகப் படக்காரர்கள் பக்கம் வந்தாள். நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சட்டென்று பின்னால் நகர்ந்தார்கள். கம்புகள் ஒன்றோடொன்று மோதின. என் மனைவி நகரவில்லை. அந்தப் பெண் ஸ்டூலுக்கு ஒரு கை தூரத்தில் விழுந்து உருண்டாள். கேமரா கிளிக் கிளிக்கென்று ஓடிக்கொண்டே இருந்தது. கம்பு போட்ட இடத்தில் அப்படியே நின்றது.

எல்லாம் முடிந்து அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை, கால் மரத்துப்போய்விட்டது. கேமராவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டினாள். கம்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பூட்டினாள். இடது உள்ளங்கையைக் கம்பின் தலையில் வைத்து, உடம்பு பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கி எழுந்தாள். கம்பு அசையவில்லை. அவள் கை அதன்மேல் இருந்த விதத்தைப் பார்த்தேன். மணிக்கட்டு உயரம். முழங்கையில், நான் யாருக்குக் கம்பு வைத்தாலும் விடுகிற அதே சின்ன வளைவு.

"பாத்தீங்களா? எண்பத்திரண்டு சென்டிமீட்டர்!" என்றேன் காவலாளியிடம்.

"சரி சார், கயித்தை விடுங்க" என்றார் அவர்.

செயலாளர் அம்மா தன் அறையில் படங்களைக் கணினியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. கோட்டின்மேல் இரண்டு பெண்கள், இரண்டு நெஞ்சு, குட்டைப் பெண்ணின் முகவாய் ஒரு விரற்கடை முன்னால். ஒரு கால்கூடத் தரையில் இல்லை.

"மத்தவங்க படத்துல எல்லாம் பின்னால விளம்பரப் பலகைதான் தெரியுது. உங்களுக்கு மட்டும் எப்படிங்க வானம் கிடைச்சுது?"

"கீழ உக்காந்திருந்தேன் மேடம்."

"அட்டை இதுதான்" என்றார் அவர். "அடுத்த மாசம் மாரத்தான் இருக்கு, அதுக்கும் வந்துடுங்க." பிறகு படத்துக்குக் கீழே எழுதுவதற்காக விசைப்பலகையை இழுத்தார். "எங்க பட்டியல்ல உங்க பேருக்கு எதிர்ல, நீங்க அனுப்பின படங்கள்ல இருந்த ஸ்டூடியோ பேரு இருக்கே?"

"அதை எடுத்துடுங்க மேடம். என் பேரு மட்டும் போதும்."

தன் பெயரைச் சொன்னாள். செயலாளர் ஓர் எழுத்தைத் தவறாகப் போட்டார். அவள் நிறுத்தி, எழுத்து எழுத்தாகத் திரும்பச் சொல்லித் திருத்தவைத்தாள். அச்சடித்து வந்த தாளைக் கையில் வாங்கியதும் படத்தைப் பார்க்கவில்லை. கீழே இருந்த ஒரு வரியின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

வெளி வாசலில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். வந்து பாருங்கள் என்று நான் சொன்னதற்கு உண்மையிலேயே வந்திருந்தார். அவள் தாளை அவரிடம் நீட்டினாள். வெகுநேரம் பார்த்தார். என்ன இருந்தாலும் அவரும் படக்காரர், அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் கண் கீழே இருந்த பெயருக்குப் போனது, அங்கேயே கொஞ்சம் நின்றது.

"நல்லா வந்திருக்கும்மா" என்றார். பிறகு பேச்சை மாற்றுவதற்காக அவள் ஊன்றியிருந்த கம்பைப் பார்த்து, "என்ன மாப்ள, இவ்வளவு குட்டையா இருக்கே! அளந்து வாங்கலியா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அளந்துதாண்ணா வாங்கினாரு" என்றாள் என் மனைவி. "என்னை நிக்கவெச்சு, டேப்பு வெச்சு, என் அளவுக்குன்னு வாங்கினாரு."

சொல்லிவிட்டு அதையே ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். காலையில் என்னை வெளியே நிறுத்திய காவலாளி இப்போது வாசலில் இருந்தார். அவள் போவதைப் பார்த்துவிட்டு, "அந்தம்மா யாரு சார்? எல்லாரும் அவங்க படத்தைப் பத்தியே பேசுறாங்க" என்று கேட்டார்.

வேறு ஒரு நாளாக இருந்தால் என் வீட்டுக்காரி என்று சொல்லியிருப்பேன். அன்றைக்கு அவள் பெயரைச் சொன்னேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஸ்டூலைக் கீழே வைத்துவிட்டு, எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.